இரண்டு கைகளில் இரண்டு கடிகாரம்

மலேசியாவின் கோலா பிலாவுக்கு அப்பால் இருக்கும் அந்தச் செம்பனைத் தோட்டத்தில் லோகேஸ்வரி உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியை ஒட்டிய பாலர் பள்ளியில் அவளுக்கு உதவியாளர் வேலை. பிள்ளைகளைப் பாயில் வரிசையாக உட்கார வைத்துவிட்டு, இவள் மட்டும் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டிருப்பாள். கோயில் அன்னதானத்தில் கையைப் பிடித்து இழுத்துப் பந்தியில் அமர்த்தினாலும், பாதிச் சோற்றில் எழுந்து ரசவாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாறக் கிளம்பிவிடுவாள். பக்கத்து வீட்டு முத்தாயி, இவளுக்குக் காலில் சக்கரம் கட்டித்தான் பெற்றுப் போட்டிருக்கிறார்கள் என்பாள். கணவர் தர்மராஜ் இதற்கு நேர் எதிர். தோட்டத்து லாரியில் செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு எண்ணெய் ஆலைக்கு ஓட்டுபவர். உட்கார்ந்தே சம்பாதித்து, வீட்டுக்கு வந்தும் உட்காருகிறவர். இப்படி இருவரைச் சேர்த்துவைத்த தரகருக்கு வேடிக்கை பார்க்கும் ஆசை இருந்திருக்க வேண்டும்.

அவள் ஓடத் தொடங்கியது நாற்பதைத் தாண்டிய பிறகு. பள்ளியில் படித்தபோது நன்றாக ஓடுவாள். மாவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுக்கச் சொன்னார்கள். யாரும் தடுக்கவில்லை, திட்டவில்லை. பயிற்சி முடிந்து சாயங்காலம் தோட்டத்துக்குத் திரும்ப வண்டி கிடையாது, அவ்வளவுதான். அத்தோடு அது நின்றுபோனது. பல வருஷம் கழித்து மகன் சுகுமாறன் ஜொகூரில் வேலை கிடைத்துப் போனபோது, தன் பழைய ஓட்டச் சப்பாத்தை வாசலிலேயே விட்டுவிட்டுப் போனான். தூக்கி எறியப் போனவள் சும்மா காலை நுழைத்துப் பார்த்தாள். தடிமனான காலுறை போட்டால் சரியாக இருந்தது. மறுநாள் விடியற்காலை அதைப் போட்டுக்கொண்டு செம்மண் சாலையில் இறங்கியவள்தான், பிறகு நிற்கவே இல்லை.

முதலில் தோட்டம் சிரித்தது. காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு வந்து நிற்கும் ஆட்கள், யார் துரத்துகிறார்கள் என்று கேட்டார்கள். பிறகு பழகிவிட்டது. லாரி எடை போடும் இடத்தில் தொடங்கி, குளத்தைச் சுற்றி, பழைய ரப்பர் கொட்டகையைத் தாண்டி, முனியாண்டி கோயில் வளைவில் திரும்பி, மறுபடி எடை போடும் இடம். இதை அவள் "ரவுண்டு" என்றாள். இரண்டு பக்கமும் வளர்ந்த செம்பனை. மட்டைகள் தலைக்கு மேல் கைகோத்துக்கொண்டு நிற்கும். வெயில் தெரியாது. கார் கிடையாது, நாய்கள் எல்லாம் அவளுக்குத் தெரிந்த நாய்கள். ஓடுவதற்கு இதைவிட நல்ல இடம் வேண்டுமா என்று அவள் நினைத்தாள். நாமும் அப்படித்தான் நினைத்திருப்போம்.

சிரம்பானில் ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து ஓடும் ஒரு கூட்டம் இருந்தது. பாலர் பள்ளிக்குப் பல் சோதிக்க வந்த டாக்டர் துஷ்யந்தி அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர். சிரம்பானை ஒட்டிய பாரோயில் வீடு, பெற்றோர் யாழ்ப்பாணப் பக்கத்து வம்சம், எதையும் நிதானமாகச் சொல்பவர். லோகேஸ்வரியின் கால் சப்பாத்தைப் பார்த்துவிட்டு, ஓடுவீர்களா என்று கேட்டு, அவர்தான் கூட்டத்தில் சேர்த்துவிட்டார். போர்ட் டிக்சன் கடற்கரைச் சாலையில் நடக்கும் அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுக்க வைத்ததும் அவர்தான்.

போன வருஷத்து அந்த ஓட்டத்தைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. இந்த ஓட்டங்களில் கடைசியாக வருகிறவர்களுக்குப் பின்னால் ஒரு பஸ் வரும். குறித்த நேரத்துக்குள் குறித்த இடத்தைத் தாண்டாதவர்களை அது ஏற்றிக்கொண்டு போய்விடும். சாலையை எத்தனை நேரம்தான் மூடி வைத்திருப்பார்கள்? வழியில் சி ரூசா என்ற இடத்தில் அந்த பஸ் லோகேஸ்வரியின் பக்கத்தில் வந்து நின்றது. ஆரம்பத்தில் கூட்டத்தோடு கூட்டமாக வேகமாக ஓடிவிட்டு, பாதியில் கால் கல்லாகிப்போய் நடந்துகொண்டிருந்தாள். பஸ்ஸில் இடம் இருந்தது. அவள் உட்காரவில்லை, கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே வந்தாள். முடிவுக் கோட்டில் தர்மராஜ் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வருகிற ஒவ்வொருவரிலும் அவளைத் தேடிக்கொண்டிருந்தார். அவளோ அவருக்குப் பின்னால் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து தோளைத் தொட்டாள். அவர் திரும்பிப் பார்த்த பார்வையை அவளால் மறக்க முடியவில்லை. அந்த வருஷம் முழுவதும் அவள் சரியாகத் தூங்கவில்லை. சாப்பாடும் ஏனோதானோதான்.

அடுத்த முறை பஸ் ஏறாமல் அந்தக் கோட்டைத் தாண்ட வேண்டும். அவளுக்கு வேறு ஆசை எதுவும் இருக்கவில்லை. பதக்கம் கூட வேண்டாம்.

உங்களுக்குத் தேவை கடிகாரம் என்றார் துஷ்யந்தி. வானத்துச் செயற்கைக் கோள்களிடம் கேட்டு, எவ்வளவு தூரம் வந்தாய், எந்த வேகத்தில் போகிறாய் என்று மணிக்கட்டிலேயே சொல்லும் கடிகாரம். வேகம் தெரிந்தால் ஆரம்பத்திலேயே கொட்டித் தீர்க்க மாட்டீர்கள், கடைசி வரைக்கும் கையில் மிச்சம் இருக்கும் என்று விளக்கினார். நியாயமான பேச்சு. ஆனால் ஓடுவதற்கு இரண்டு கால் போதும் என்று நம்பிக்கொண்டிருந்த ஒருத்தியின் கையில் இப்படி ஒரு விஷயத்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று டாக்டர் யோசித்திருக்கலாம்.

அன்றிலிருந்து வீட்டில் கடிகாரப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. சோறு வேகும்போது கைப்பேசியில் ஒரு வெள்ளைக்காரன் மூன்று கடிகாரங்களை ஒரே கையில் கட்டிக்கொண்டு காட்டுக்குள் ஓடுவான்; சோறு குழைந்துபோகும். ஒன்று இதயத் துடிப்பைச் சரியாகச் சொல்கிறதாம், ஆனால் மின்கலம் சீக்கிரம் தீர்கிறதாம். இன்னொன்று மாதக்கணக்கில் தாங்குகிறதாம், ஆனால் எழுத்து பொடியாம்; சாளேஸ்வரம் வந்த கண்ணுக்கு அது எதற்கு? மற்றொன்றில் வரைபடமே வருகிறதாம். பிறந்ததிலிருந்து சுற்றும் தோட்டத்தில் வழி காட்ட வரைபடமா என்று தர்மராஜ் கேட்டார். அவள் காதில் விழவில்லை. காலையில் ஒன்றை வாங்குவதாக முடிவு செய்வாள், மத்தியானம் மனசு மாறும், சாயங்காலம் முத்தாயியிடம் போய் நிறம் பற்றி அபிப்பிராயம் கேட்பாள். முத்தாயி, பச்சை எடு, உனக்குப் பச்சைதான் ராசி என்று சொல்லி அனுப்புவாள். மாதங்கள் ஓடின. சிரம்பான் கடைக்குப் போய் நாலு கடிகாரத்தைக் கட்டிப் பார்த்துவிட்டு, கடைப் பையனின் பொறுமையையும் சோதித்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பினாள்.

கடைசியில் துஷ்யந்தியே ஒரு வழி சொன்னார். அவர் புதிது வாங்கிவிட்டதால் பழைய கறுப்புக் கடிகாரம் சும்மா கிடந்தது. கூட்டத்தில் ஓடும் சசிதரன் என்ற வங்கி ஊழியரும் தன் சிவப்புக் கடிகாரத்தை விற்கப் பார்த்தார். இரண்டையும் ஒரு வாரம் கட்டி ஓடிப் பாருங்கள், பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். கொடுக்கும்போது டாக்டர் ஒன்றைப் படித்துப் படித்துச் சொன்னார். திறந்த வெளியில் இரண்டும் ஒரே மாதிரி சரியாகத்தான் காட்டும். மரத்தடியில்தான் தகராறு. இலைகளில் பட்டுச் சிதறி வரும் சமிக்ஞையைப் பிடித்தால், நேராக ஓடுகிற ஆளைக் கடிகாரம் கோணல்மாணலாக ஓடுவதாக நினைத்துக்கொண்டு தூரத்தைக் கூட்டிவிடும். கறுப்பு அதைக் கொஞ்சம் சமாளிக்கும், சிவப்பு எப்படியோ தெரியாது. நீங்கள் செம்பனைக்குள் ஓடுகிறவர், அதனால் இதைப் பார்த்து எடுங்கள் அக்கா என்றார்.

மறுநாள் லோகேஸ்வரி இடது கையில் கறுப்பும் வலது கையில் சிவப்பும் கட்டிக்கொண்டு ரவுண்டுக்குக் கிளம்பினாள். பெரட்டில் நின்றவர்கள், ஒன்று போகிற நேரத்துக்கு, ஒன்று வருகிற நேரத்துக்கா என்று கேலி செய்தார்கள். எடை போடும் இடத்துக்குத் திரும்பி வந்து நின்று, மூச்சு வாங்கியபடி இரண்டு கையையும் நீட்டிப் பார்த்தாள். கறுப்பு ஏழரை கிலோமீட்டர் என்றது. சிவப்பு எட்டு என்றது. மறுநாளும் ஏறக்குறைய அப்படியே.

இங்கேதான் மனிதப் பிறவியின் குணம் வேலை செய்தது. கறுப்பைப் பார்த்தால் அவளுக்கு எரிச்சல் வந்தது. வியர்வை சொட்டச் சொட்ட ஓடி வந்தவளைப் பார்த்து, நீ இவ்வளவுதான், இவ்வளவு மெதுவாகத்தான் ஓடினாய் என்று அது சொன்னது. சிவப்பு அப்படி இல்லை. எண்கள் பெரிதாக, பளிச்சென்று தெரிந்தன. கை கனக்கவில்லை. அது காட்டிய வேகத்தில் ஓடினால் பஸ்ஸுக்கு அகப்படாமல் தாராளமாகப் போய்ச் சேரலாம். கறுப்பு காட்டிய வேகத்தில் ஓடினால் சி ரூசாதான், கம்பிதான். ஓடிக் களைத்த உடம்பு பொய் சொல்லுமா, சிவப்புதான் சரியாக இருக்கும் என்று அவள் தனக்குத் தானே வாதாடிக்கொண்டாள். ஆனாலும் மனசு நிலைகொள்ளவில்லை. எது சரி என்று சொல்ல மூன்றாவதாக ஒன்று வேண்டும்.

தோட்டத்தில் அதற்கா பஞ்சம்? தோட்டத்துக்காரர்கள் தூரத்தை நம்புவது லாரி மீட்டரை வைத்துத்தான். எந்தப் பிளாக்கிலிருந்து எடை போடும் இடம் எவ்வளவு என்று டிரைவரைக் கேட்டால் போதும், அதுதான் கணக்கு. லோகேஸ்வரி கணவரிடம், வெறும் லாரியோடு ஒரு ரவுண்டு போய் வாருங்கள், மீட்டர் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும் என்றாள். அவர் போனார். அவள் எடை போடும் இடத்திலேயே நடை போட்டுக்கொண்டிருந்தாள். போவதும் வருவதும், இரண்டு கடிகாரத்தையும் மாற்றி மாற்றிப் பார்ப்பதும், நகத்தைக் கடிப்பதுமாக. பள்ளி இறுதித் தேர்வு முடிவுக்குக்கூட அவள் இப்படிக் காத்திருக்கவில்லை.

லாரி வந்து நின்றது. தர்மராஜ் இஞ்சினை நிறுத்திவிட்டு இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவள் படியில் ஏறி, ஜன்னல் வழியாக முகத்தை நீட்டி, எதுங்க, எந்தக் கடிகாரத்துக்கு ஒத்து வந்தது என்று கேட்டாள். அவர் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"செவப்புதான்," என்றார். "செவப்புதான் சரி லோகா."

அவள் படியிலிருந்து குதித்து இறங்கினாள். வீட்டுக்கு நடந்தாளா பறந்தாளா என்று அவளுக்கே தெரியாது. அன்று மத்தியானமே சசிதரனுக்குப் போன் செய்து சிவப்பு எனக்கு என்றாள். கறுப்பைத் துடைத்து, உறையில் போட்டு, டாக்டருக்குத் திருப்பிக் கொடுத்தாள். லாரி மீட்டர் போட்டுப் பார்த்தாயிற்று, சிவப்பு அச்சு பிசகாமல் சரி என்றும் சொன்னாள். அப்படியென்றால் நல்லது என்று துஷ்யந்தி அந்த வேகத்தை வைத்தே ஓட்டத்துக்கான திட்டத்தை எழுதிக் கொடுத்தார்.

அதன் பிறகு வந்த மாதங்கள்தான் அவள் வாழ்க்கையிலேயே நல்ல மாதங்கள் என்று சொல்லலாம். நன்றாகத் தூங்கினாள். சோறு குழையவில்லை. பந்தியில் ஒரு முறை கடைசி மோர் வரைக்கும் உட்கார்ந்து சாப்பிட்டதாக முத்தாயி சத்தியம் செய்கிறாள். ரவுண்டில் ஓடும்போது சிவப்பு காட்டுகிற எண், டாக்டர் குறித்துக் கொடுத்த எண்ணைச் சிரமமில்லாமல் தொட்டது. சில நாள் அதையும் மிஞ்சியது. ஓட ஓட அதையே பார்த்துக்கொண்டு வருவாள். கோயில் பிரசாதத்தைவிட அது இனித்தது.

ஒன்று மட்டும் இடித்தது. ஒரு நாளாவது வெளியே வந்து ஓடுங்கள், பாரோய் ஸ்டேடியத்தில் மேலே மரமே கிடையாது, கடிகாரம் சுத்தமாகக் காட்டும் என்று துஷ்யந்தி பலமுறை கூப்பிட்டார். லோகேஸ்வரிக்கு ஒரு ஞாயிறு தலைவலி வந்தது. இன்னொரு ஞாயிறு கோயிலில் கூட்டம். பிறகு மழை வரும் போலிருந்தது. வேறொரு நாள் மகன் வருவதாக இருந்தான், வரவில்லை. இப்படி அவளுக்கு எப்போதும் ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருந்தது. ஏன் போகவில்லை என்று தன்னையே கேட்டுக்கொள்ள அவளுக்கு நேரமில்லை. உட்காராதவர்களுக்கு இது ஒரு வசதி.

ஓட்டத்தன்று இருட்டோடு போர்ட் டிக்சனுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தர்மராஜ் முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் இடம் பார்த்து நின்றுகொண்டார். இந்த முறை கூட்டம் தள்ளிக்கொண்டு போனாலும் லோகேஸ்வரி அதோடு போகவில்லை. ஒதுங்கி, கடிகாரத்தைப் பார்த்து, தன் பழக்கமான கதியில் ஓடினாள். தினமும் செம்பனைக்குள் ஓடுகிற அதே கதி, அதே மூச்சு. ஆனால் அந்த எண் வரவில்லை. கடிகாரம் வேறு ஓர் எண்ணைக் காட்டியது, மெதுவாக நடக்கிறவளுக்குக் காட்டுகிற மாதிரி.

தூங்கிவிட்டதோ என்று விரலால் தட்டிப் பார்த்தாள். கொஞ்ச தூரம் போனால் சரியாகிவிடும் என்று நினைத்தாள். சரியாகவில்லை. சரி, எண்தானே வேண்டும் என்று காலை எட்டிப் போட்டாள். இன்னும் எட்டிப் போட்டாள். கடைசியில் அந்த எண் வந்தது. வந்ததை விடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு அதைப் பிடித்துக்கொண்டே ஓடினாள். பக்கத்தில் கடல் வெளுத்துக்கொண்டு வந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. கையை மட்டுமே பார்த்தாள். நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது, தொடை நடுங்கியது, ஆனாலும் பிடியை விடவில்லை. பிடிவாதத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. பிறகு கால் திடீரென்று தன் வேலையை நிறுத்திக்கொண்டது. நடந்தாள். நடக்கவும் முடியாமல் சாலையோரக் கல்லில் கையை ஊன்றி நின்றாள்.

பஸ் வந்தது. போன வருஷம் ஏறிய இடத்துக்குக்கூட இந்த முறை வந்து சேர்ந்திருக்கவில்லை.

பஸ்ஸில் ஏறியதும் கண்ணில் பட்ட இருக்கையில் உட்கார்ந்துவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே வானம் பரக்க விரிந்து கிடந்தது. ஒரு இலை இல்லை, ஒரு மட்டை இல்லை. திறந்த வெளியில் இரண்டும் சரியாகத்தான் காட்டும், மரத்தடியில்தான் தகராறு என்று டாக்டர் சொன்னது அப்போதுதான் அவள் மண்டையில் முழுதாக இறங்கியது. கடிகாரம் இன்று பொய் சொல்லவில்லை. இத்தனை மாதமும் செம்பனைக்குள்தான் பொய் சொன்னது. அப்படியானால் லாரி மீட்டர்?

முடிவுக் கோட்டில் தர்மராஜ் இந்த வருஷம் கைப்பேசியைத் தூக்கிப் பிடிக்கவில்லை. ஓடி வருகிறவர்களையும் பார்க்கவில்லை. பஸ் வரும் பக்கத்தைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். அதைப் பார்த்ததுமே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நேரே போய்க் காரில் ஏறினாள். துஷ்யந்தி தேடிக்கொண்டு வந்தபோதும், கால் பிடித்துக்கொண்டது என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கார் சிரம்பான் சாலைக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அன்னிக்கு மீட்டர் எந்தக் கடிகாரத்துக்கு ஒத்து வந்துச்சுங்க?"

எந்த அன்றைக்கு என்று அவர் கேட்டுப் பார்த்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செவப்புக்கு வரல. கறுப்புக்கும் வரல லா. அதுலயும் கொறச்சலாத்தான் வந்துச்சு."

"அப்பறம் ஏன் செவப்புன்னு சொன்னீங்க?"

"உன் மூஞ்சியப் பாத்தேன்," என்றார் அவர். "ஒரு வருஷமா நீ தூங்கல, திங்கல. செவப்புன்னு சொன்னா நிம்மதியா இருப்பேன்னு நெனச்சேன். இருந்த தானே?"

இருந்தாள்தான். அதுதான் அவளைக் கொன்றது. அந்த நிம்மதி இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் கஷ்டப்பட்டிருப்பாள், ஸ்டேடியத்துக்குப் போயிருப்பாள், காலை இழுத்துப் பழக்கியிருப்பாள். கோட்டைத் தாண்டியிருப்பாளா என்பது யாருக்குத் தெரியும்? தாண்ட முயற்சி செய்யவாவது வாய்ப்பு இருந்திருக்கும். அவர் அன்பாகச் செய்ததுதான். கோபம் அதனால் குறையவில்லை, இன்னும் கூடியது. எனக்கு நிம்மதியா வேணும்? ஓடி முடிக்கத்தானே வேணும் என்று கத்தினாள். கத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கை சும்மா இருக்கவில்லை. கடிகாரத்தின் வாரைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தது. கொஞ்ச தூரம் போன பிறகு, தலைவலி வந்த ஞாயிறும் மழை வரும் போலிருந்த ஞாயிறும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. அவள் குரல் இறங்கியது.

"நீங்க சொன்ன பொய்ய நானுந்தான் கேட்டு வாங்கிக்கிட்டேன்."

அவள் கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இனிமே நான் ஒன்னு கேட்டா, என் மூஞ்சியப் பாக்காம பதில் சொல்லுங்க."

தர்மராஜ் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சாலையைப் பார்த்தார். ஒரு சிவப்பு விளக்கில் நின்று, பச்சை விழுந்து, கார் நகர்ந்து வெகுதூரம் வந்துவிட்டது. பிறகுதான் சொன்னார்.

"இப்ப ஓடுற வேகத்துல அடுத்த வருஷமும் பஸ்தான் லோகா."

கேட்டு வாங்கிய பதில்தான். ஆனாலும் சுருக்கென்று குத்தியது. பஸ்ஸிலும் வராத அழுகை இப்போது வந்தது. முந்தானை இல்லாத ஓட்டச் சட்டையில் எதைக்கொண்டு துடைப்பது என்று தெரியாமல், புறங்கையால் துடைத்துக்கொண்டு பாரோய் வரைக்கும் அழுதாள். அவர் ஒரு முறைகூட அவள் பக்கம் திரும்பவில்லை. அழுது முடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நம் ரவுண்டு நெசமாக எவ்வளவு தூரம் என்று கேட்டாள்.

அவர் சாலையைப் பார்த்தபடியே சொன்னார். அது அவள் பயந்திருந்ததைவிடவும் குறைவாக இருந்தது.